தேவையில்லை என்று எழுதிய ஒரு வரி

இன்டர்ன்ஷிப் அனுபவம் பற்றி ஒரு கட்டுரை தா என்று எடிட்டோரியல் டீமில் கேட்டபோது, "எக்செல் ஷீட் நிரப்பினேன், அதுல எழுத என்ன இருக்கு?" என்றுதான் முதலில் சொன்னேன். பொய் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கேன், மொத்தம் பத்து வாரம். செய்யற வேலை எல்லாமே ஒரே ஒரு ஷீட்டுக்குள் அடங்கிடும். அந்த ஷீட்டில் ஒரு வரியை நான் தப்பா நிரப்பினேன். அதைப் பற்றி உங்ககிட்ட சொல்லலாம்னு இப்போ தோணுது. பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழில் தடுமாறினா பொறுத்துக்கோங்க.

முதலில் வேலை என்னன்னு சொல்லிடறேன். சிஆர்எம் என்றால் பெரிசா ஒண்ணும் இல்லை. ஒரு கடை தன் வாடிக்கையாளர் யார், என்ன வாங்கினார், கடைசியா எப்போ பேசினோம், அடுத்து எப்போ கூப்பிடணும் என்று எழுதி வைக்கிற நோட்டு. அது கம்ப்யூட்டரில் இருக்கு, பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் எழுதறாங்க, அவ்வளவுதான். எங்க கிளையன்ட் வீடுகளுக்கு ஆர்ஓ தண்ணீர் மெஷின் விற்று, வருஷா வருஷம் ஏஎம்சி போடுகிற ஒரு நிறுவனம். அவங்க நோட்டு ஹப்ஸ்பாட்டில் இருந்தது. வியாபாரம் பெரிசானதும் சேல்ஸ்ஃபோர்ஸுக்கு மாறணும்னு முடிவு பண்ணினாங்க. பழைய நோட்டில் உள்ள ஒவ்வொரு கட்டமும் புது நோட்டில் எந்தக் கட்டத்துக்குப் போகணும்னு எழுதுவதுதான் மேப்பிங். ஷீட்டில் மூணு காலம்: பழைய ஃபீல்டு, புது ஃபீல்டு, நடுவில் என்ன மாற்றணும்.

"இதுல என்ன கஷ்டம், நேம் நேமுக்குப் போகும், போன் போனுக்குப் போகும்" என்று நீங்க நினைக்கலாம். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைச்சேன்.

இரண்டு சாஃப்ட்வேரும் உலகத்தை ஒரே மாதிரி பார்க்கலை. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-ல் தொடங்கினது. கம்பெனிக்குக் கம்பெனி விற்கிற சேல்ஸ்மேனுக்காக யோசிச்சு செஞ்சது. அதனால அதில் வேர் மாதிரி இருப்பது அக்கவுண்ட், அதாவது வாங்குகிற நிறுவனம். அதற்குக் கீழே கான்டாக்ட், ஆப்பர்சூனிட்டி எல்லாம் தொங்கும். இன்னும் வாங்கலை, சும்மா விசாரிச்சவர் என்றால் அவருக்கு லீட் என்று தனி டேபிளே உண்டு. வாங்குவார்னு தெரிஞ்சதும் 'கன்வெர்ட்' பட்டனை அழுத்தினா அந்த ஒரு லீட் உடைந்து ஒரு அக்கவுண்ட், ஒரு கான்டாக்ட், வேணும்னா ஒரு ஆப்பர்சூனிட்டி ஆகும். ஹப்ஸ்பாட் 2006-ல் மார்க்கெட்டிங் பக்கத்தில் இருந்து வந்தது. அங்கே எல்லாரும் கான்டாக்ட்தான். விசாரிச்சவரா, வாங்கினவரா என்பது 'லைஃப்சைக்கிள் ஸ்டேஜ்' என்ற ஒரு கட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கும். ஆள் யார்னு அது முக்கியமா அடையாளம் கண்டுபிடிப்பது ஈமெயிலை வைத்து.

இப்போ நம்ம ஊர் வீடுகளை இதுக்குள் வைத்துப் பாருங்க. தண்ணீர் மெஷின் வாங்குகிற தாத்தாவுக்கு ஈமெயில் ஏது? பழைய ஸ்டாஃப் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. போன் நம்பரை எழுதி, பின்னாடி ஒரு அட், அதுக்கப்புறம் நோமெயில் டாட் காம். இப்படி ஆயிரக்கணக்கில் இருந்தது. அதை அப்படியே புது சிஸ்டத்தின் ஈமெயில் கட்டத்தில் போட்டிருந்தா, முதல் மாசம் அனுப்புகிற ரினியூவல் மெயிலில் பாதி யாரோ ஒருத்தருடைய டொமைனுக்குப் போய் முட்டியிருக்கும்.

அப்புறம் பெயர். இதை நீளமா சொல்ல ஆசை, ஏன்னா இது எனக்குச் சொந்தப் பிரச்சினையும் கூட. சேல்ஸ்ஃபோர்ஸில் லாஸ்ட் நேம் கட்டாயம். காலியா விட்டா அந்த வரியே ஏறாது. நம்மில் பாதிப் பேருக்கு லாஸ்ட் நேமே கிடையாதே, இனிஷியல்தானே இருக்கு? பழைய டேட்டாவில் "எஸ். லட்சுமி" என்று முழுசா ஃபர்ஸ்ட் நேமில் அடிச்சிருந்தாங்க. ஸ்பேஸ் வரும் இடத்தில் வெட்டினா ஃபர்ஸ்ட் நேம் "எஸ்", மெயிலில் "டியர் எஸ்" என்று போகும். சரி, இனிஷியலைப் பின்னாடி தள்ளலாம் என்று ஒரு ஃபார்முலா எழுதினேன். ஆனா சில பேர் ஏற்கனவே பின்னாடி எழுதியிருந்தாங்க. சில பேருக்கு இரண்டு இனிஷியல். "ஷேக் அப்துல் காதர்" மாதிரி பெயரை எங்கே வெட்டறது? கடைசியில் எங்க டீம் லீடு அண்ணா சொன்னது ரொம்ப எளிமை: "வெட்டாத. முழுப் பெயரையும் லாஸ்ட் நேம்ல போடு, ஃபர்ஸ்ட் நேமைக் காலியா விடு. எப்படிக் கூப்பிடணும்கிறதுக்குத் தனியா ஒரு ஃபீல்டு வெச்சுக்கலாம்." ஆன்லைன் ஃபார்மில் வேற வழி இல்லாம அப்பா பெயரை லாஸ்ட் நேமா போட்டதால, பிளேஸ்மென்ட் மெயில் எல்லாம் எங்க அப்பாவுக்கு "டியர்" சொல்லித்தான் எனக்கு வருது. உங்களுக்கும் வந்திருக்கும்.

யாரை அக்கவுண்ட் ஆக்கறது என்பது அடுத்த சண்டை. தனி ஆள் வாங்குகிற வியாபாரத்துக்கு சேல்ஸ்ஃபோர்ஸில் 'பர்சன் அக்கவுண்ட்' என்று ஒரு வசதி இருக்கு. ஒரு தடவை ஆன் பண்ணிட்டா திரும்ப ஆஃப் பண்ண முடியாது. அதனால அண்ணாவுக்குப் பயம். ரெண்டு மீட்டிங்குக்கு அப்புறம் "வீடுதான் அக்கவுண்ட், வீட்டுல இருக்கறவங்க கான்டாக்ட், மெஷின் அசெட்" என்று முடிவாச்சு. அழகான முடிவுதான். ஆனா ஹப்ஸ்பாட்டில் இவங்க வீடு என்று ஒன்றை வைத்திருக்கவே இல்லை, ஆள் மட்டும்தான். மெஷினின் சீரியல் நம்பர் அந்த ஆளுடைய ஒரு கட்டத்தில் இருந்தது. மாடிக்கு ஒண்ணு, கீழ் வீட்டுக்கு ஒண்ணு வாங்கியிருந்தா, கமா போட்டு இரண்டு நம்பர். மூணு மெஷின் வாங்கின கல்யாண மண்டபத்துக்கு மூணு நம்பர், ரெண்டு கமா, ஒரு ஸ்லாஷ். டிபிஎம்எஸ் பேப்பரில் ஃபர்ஸ்ட் நார்மல் ஃபார்ம் என்றால் என்ன என்று ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு வந்தோமே, அது இதுதான்.

போன் நம்பர் கதை சுருக்கமா: 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க நம்பர் இருக்கிற சிஎஸ்வியை எக்செலில் டபுள் கிளிக் பண்ணித் திறந்து, அப்படியே சேவ் பண்ணாதீங்க. நம்பர் 9.19ஈ+11 மாதிரி சுருங்கி, அந்த வடிவத்திலேயே ஃபைலில் பதிஞ்சிடும். மிச்ச இலக்கம் போனது போனதுதான். டெக்ஸ்ட் என்று சொல்லி இம்போர்ட் பண்ணணும். இன்னொண்ணு, சேல்ஸ்ஃபோர்ஸ் ரிப்போர்ட்டில் வரும் ஐடி 15 எழுத்து, அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. எக்செலின் விலுக்கப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வீட்டு ஆளைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் உட்கார வெச்சிடும். அதுக்காகவே பின்னாடி மூணு எழுத்து சேர்த்த 18 எழுத்து ஐடி இருக்கு, அதைத்தான் எடுக்கணும்.

முதல் தடவை சாண்ட்பாக்ஸில் ஏற்றியபோது ஒரு வேடிக்கை நடந்தது. வரிசை முக்கியம்னு எனக்குத் தெரியாது. முதலில் யூசர், அப்புறம் அக்கவுண்ட், அப்புறம் கான்டாக்ட், அப்புறம் மற்றதெல்லாம். நான் ஆர்வத்தில் முந்நூறு கான்டாக்டை அக்கவுண்ட் இல்லாமலே ஏற்றிட்டேன். சக்சஸ் ஃபைலில் முந்நூறு வரி, எரர் ஃபைல் காலி. பெருமையா கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணா டெலிகாலர் லாகினில் போய்ப் பார்த்தார். ஒண்ணுமே இல்லை. பூஜ்யம். எந்த அக்கவுண்ட்டிலும் சேராத கான்டாக்ட் சேல்ஸ்ஃபோர்ஸில் பிரைவேட். ஓனருக்கும் அட்மினுக்கும் மட்டும்தான் தெரியும். ஓனர் நான். அந்த முந்நூறு பேரும் உள்ளேதான் இருந்தாங்க, வேலை செய்யவேண்டியவங்க கண்ணுக்குத் தெரியலை.

இதெல்லாம் கண்டுபிடிச்சு சரி பண்ணக்கூடிய தப்பு. எரர் வரும், இல்லைன்னா எண்ணிக்கை உதைக்கும். நான் செஞ்ச பெரிய தப்பில் எதுவும் உதைக்கலை.

ஹப்ஸ்பாட்டில் ஒரு கான்டாக்டுக்கு எல்லா ப்ராபர்ட்டியும் எக்ஸ்போர்ட் பண்ணினா இருநூறு காலத்துக்கு மேல வருது. பாதி அதுவே தானா வைத்திருப்பது: எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எத்தனை மெயில் திறந்தார். எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. எதை விடறதுன்னு முடிவு பண்ண நானே ஒரு விதி வெச்சேன். ஒவ்வொரு காலத்திலும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்குன்னு கணக்குப் போட்டேன். பத்துக்குக் கீழே இருந்தா, "தேவையில்லை". அண்ணாவுக்கு அது பிடிச்சிருந்தது, கிளையன்ட் பக்கத்து மேனேஜருக்கும் பிடிச்சிருந்தது. ஷீட்டில் அவர் கையெழுத்துப் போட்டார். ஒரே மதியத்தில் நூற்றுக்கும் மேல் வரிக்கு "தேவையில்லை" என்று டிராக் பண்ணி இறக்கினேன்.

அதில் ஒன்று 'ஜாப் டைட்டில்'. 340 சொச்சம் பேருக்குத்தான் நிரம்பியிருந்தது. தண்ணீர் மெஷின் வாங்குகிற வீட்டுக்காரரின் பதவி எதுக்கு? இரண்டாவது தடவை யோசிக்கக்கூட இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு திறந்து பார்க்கவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி லைவ் ஏற்றினோம். ஆட்டோமேஷன் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சு, இல்லைன்னா 2019-ல் வாங்கினவருக்கு இப்போ "நல்வரவு" எஸ்எம்எஸ் போகும். எண்ணிக்கை சரி, டீல் தொகையின் கூட்டல் சரி, இருபது பேரை எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்ததும் சரி. அந்த இருபதில் ஜாப் டைட்டில் நிரம்பின ஆள் ஒருத்தர்கூட வரலை. வந்திருந்தாலும் என்ன, ஷீட்டில்தான் தேவையில்லைன்னு இருக்கே.

அடுத்த புதன்கிழமை கிளையன்ட் ஆபீஸில் இருந்தேன், யாருக்காவது சந்தேகம் வந்தா சொல்லித் தர. அங்கே டெலிகாலிங்கில் ஒரு அக்கா இருக்காங்க, ஏழெட்டு வருஷமா அதே சீட். அன்னைக்கு அவங்க லீவ். அவங்க லிஸ்டைப் புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி பார்த்துக்கிட்டு இருந்தா. நான் பக்கத்து டேபிள். "வணக்கம், சார் இருக்காங்களா? உங்க ஏஎம்சி இந்த மாசம் முடியுதுங்க" என்று கேட்டா. அப்புறம் பேச்சே இல்லை. அவ முகம் மாறினதைப் பார்த்தேன். "சாரிங்கம்மா... சாரிங்க" என்று மட்டும் ரெண்டு தடவை. போனை வெச்சதும் என்னைப் பார்த்து, "அவர் இறந்து ஒரு வருஷம் ஆச்சாம். உங்க ஆபீஸ்ல முன்னாடியே சொல்லியிருக்கேனேன்னு அந்தம்மா கேக்கறாங்க. சிஸ்டத்துல எங்கேயும் இல்லையே?"

இல்லைதான். நான் பழைய எக்ஸ்போர்ட் ஃபைலைத் திறந்து அந்தப் பெயரைத் தேடினேன். ஜாப் டைட்டில் கட்டத்தில், தங்கிலீஷில்: சார் இல்லை, அம்மாகிட்ட மட்டும் பேசணும், காலையில வேண்டாம்.

அப்புறம்தான் அந்தக் காலத்தை முழுசா படிச்சேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல, நைட் ஷிப்ட். பையன் வெளிநாடு, வாட்ஸ்அப் மட்டும். போர் தண்ணி, டிடிஎஸ் அதிகம், ஃபில்டர் சீக்கிரம் போகும். நாய் இருக்கு. காது கேக்காது, சத்தமா பேசணும். மருமககிட்ட பேசாதீங்க. இன்னும் ஆறேழு இடத்தில் "சார் இல்லை", "அம்மா இல்லை".

மறுநாள் அக்கா வந்தாங்க. நான் போய் நின்னேன். என்ன சொல்லணும்னு பஸ்ஸில் எல்லாம் யோசிச்சு வைத்திருந்தேன், ஃபில் ரேட், பெஸ்ட் பிராக்டிஸ் என்று. வாயில் வந்தது "தப்பு என்னுதுக்கா" மட்டும்தான். அவங்க திட்டலை. முதலில் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, தனியா எழுந்து போய் வராண்டாவில் நின்னு ரொம்ப நேரம் பேசிட்டு வந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "ஏன் தம்பி, அந்த ஷீட் போடறப்ப எங்க யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கலை. மேனேஜரைக் கேட்டோம். அவர் அந்த ஸ்கிரீனைத் திறக்கறதே இல்லை, ரிப்போர்ட்தான் பார்ப்பார்.

ஏன் ஜாப் டைட்டில் என்று நான் கேட்டேன். ஆள் பெயரைத் திறந்ததும் பெயருக்கு நேர் கீழே தெரியற கட்டம் அது ஒண்ணுதான், நோட்ஸ் எல்லாம் கீழே இறங்கிப் பார்க்கணும், போன் ரிங் ஆகிற நேரத்தில் அதெல்லாம் யார் பார்ப்பாங்க என்றாங்க. யோசிச்சுப் பார்த்தா, அந்த ஸ்கிரீனில் அதைவிட நல்ல இடம் எனக்கும் தோணலை.

டேட்டாவைத் திரும்ப ஏற்றறது பெரிய வேலை இல்லை. பழைய ஐடியை எக்ஸ்டர்னல் ஐடியா ஒரு ஃபீல்டில் சேமித்திருந்தோம், அதை வைத்து அப்சர்ட் போட்டா பத்து நிமிஷம். மைக்ரேஷன் பண்ணப் போறவங்க வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. ஆனா அந்த ஒரு காலத்தை ஒரு காலமாவே திரும்பப் போட அக்காவுக்கு இஷ்டம் இல்லை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து 340 வரியையும் ஒவ்வொண்ணா படிச்சோம். நாய், படிக்கட்டு எல்லாம் வீட்டுக்கு, அதாவது அக்கவுண்ட்டுக்குப் போச்சு. டிடிஎஸ் மெஷினோட அசெட்டுக்கு. நேரம் கான்டாக்டுக்கு. பழைய ஒரு கட்டம் புதுசில் மூணு ஆப்ஜெக்டில் பிரிஞ்சு உட்கார்ந்தது. சில வரிக்கு அக்கா சிரிச்சாங்க, சில வரிக்கு "இது இப்ப வேண்டாம், அந்தப் பிரச்சினை தீர்ந்துடுச்சு" என்று அழிக்கச் சொன்னாங்க. மருமகள் வரி அப்படிப் போனதுதான்.

இறந்தவங்க விஷயத்தில்தான் நின்னோம். ரெக்கார்டை அழிக்க முடியாது, மெஷின், பில், வாரண்டி எல்லாம் அவர் பெயரில். நான் ஒரு செக்பாக்ஸ் போடலாம்னு சொன்னேன், 'இறந்துவிட்டார்' என்று. அக்கா உடனே வேண்டாம்னுட்டாங்க. "டெக்னீஷியன் பசங்க போன்ல இதே ஸ்கிரீன்தானே திறக்கும்? சர்வீஸ் முடிஞ்சு அந்தம்மா கையில போனைக் குடுத்துக் கையெழுத்து வாங்குவாங்க. அவங்க கண்ணுல அது படணுமா?" அவங்க எழுதின வரிகளைத் திரும்பப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அந்த வார்த்தை இல்லை. இல்லை என்று மட்டும்தான் எழுதியிருந்தாங்க.

கடைசியில் வீட்டுக்கு ஒரு புது ஃபீல்டு வெச்சோம்: 'பேச வேண்டியவர்'. கான்டாக்டில் ஒருத்தரைக் காட்டும் லுக்கப், அவ்வளவுதான். யார் இல்லை என்று எங்கேயும் எழுதலை. காலிங் லிஸ்ட் இனிமேல் அந்த ஃபீல்டில் இருந்துதான் எடுக்கும். அதை ஸ்கிரீனில் பெயருக்கு நேர் கீழே வெச்சோம், அந்த இடம் அக்கா சொன்னது.

மேப்பிங் ஷீட்டில் நான் "தேவையில்லை" போட்ட வரி இன்னும் நூற்றுக்கு மேல இருக்கு. பழைய சப்ஸ்கிரிப்ஷன் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். தினமும் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அக்காகிட்ட பத்து வரி காட்டறேன். நேற்று 'ஃபேக்ஸ் நம்பர்' வந்தது. பார்த்துட்டு, "அதுல பக்கத்து வீட்டு நம்பர் இருக்கும் தம்பி, வீடு பூட்டியிருந்தா கூப்பிடறதுக்கு" என்றாங்க.